நாலு கோழி உள்ள வீடு

கோழி வளர்க்க ஆசை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சாயங்காலம் ஆறரை மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? காலையில் கூண்டைத் திறக்கத் தாமதமானால் கோழி கத்தும், அவ்வளவுதான். சாயங்காலம் அடைக்க மறந்தால் மறுநாள் கொல்லையில் இறகுதான் கிடக்கும். கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும், தெருநாயும் பூனையும் நேரம் காலம் பார்ப்பதில்லை. இடம், தீனி, காசு இதையெல்லாம் பிறகு யோசித்துக்கொள்ளலாம். இருட்டுகிற நேரத்தில் தலையை எண்ணித் தாழ்ப்பாள் போட ஓர் ஆள் இல்லாத வீட்டுக்குக் கோழி வேண்டாம்.

மூன்று நாலு கோழிகளை ஆசைக்கு வைத்துக்கொள்ளும் வீட்டுக்காக எழுதியது இந்த அத்தியாயம். முட்டை வரும், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தீனிச் செலவு, கூண்டுச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் கடை முட்டையே மலிவு. நாமக்கல் பண்ணை முட்டையோடு வீட்டுக் கோழி விலையில் போட்டி போட முடியாது. கணக்கு நோட்டு போட்டு வளர்க்க நினைப்பவர்கள் பண்ணை பற்றிய அத்தியாயத்துக்குப் போய்விடலாம்.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோழி தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் நலிந்ததைத்தான் பருந்து தூக்கும், மற்ற கோழிகளும் கொத்தும். அதனால் உடம்பு முடியாத கோழியும் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும், தின்பதுபோல் தரையைக் கொத்தும். இறக்கையைத் தொங்கப் போட்டு மூலையில் நிற்கிறது என்று நீங்கள் கவனிக்கும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே தினமும் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கோழியைப் பார்க்க வேண்டும். வளர்ப்பதில் உள்ள சந்தோஷம் முழுக்க அந்த நேரத்தில்தான் கிடைக்கிறது. நோயைக் கண்டுபிடிப்பதும் அதே நேரத்தில்தான்.

எந்தக் கோழி

முதல்முறை வளர்ப்பவர்களுக்கு என் பரிந்துரை சிறுவிடை. பெட்டை சுமார் ஒன்றரைக் கிலோதான் இருக்கும். கிடைத்ததைத் தின்னும், சூட்டைத் தாங்கும், அடை உட்காரும், குஞ்சை விட்டுக்கொடுக்காது. வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் எதிர்பார்க்கலாம். பெருவிடை பார்வைக்குக் கம்பீரம். ஆனால் சண்டைக் குணம் ரத்தத்தில் ஊறியது, சின்ன இடத்தில் இரண்டு சேவல் சேர்ந்தால் ஒன்று மிஞ்சாது. கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது, உள் உறுப்பு வரை கறுப்பு. 2018ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லிக் கறுப்பாக இருக்கிற எல்லாக் கோழியையும் விற்கிறார்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். முட்டையும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி, நாமக்கல் கோழி ரகங்கள் இருக்கின்றன. அவை நாட்டுக்கோழியைவிட அதிகம் இடும், அடை உட்காருவது குறைவு.

ஒற்றைக் கோழி வேண்டாம். கூட்டமாக வாழும் பறவை அது. தனியாக விட்டால் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் நிழலைத் தேடிப் போய் நிற்கும். குறைந்தது மூன்று பெட்டை வாங்குங்கள். ஐந்தாறு மாதமான விடைக்கோழியாக வாங்கினால் சீக்கிரம் முட்டைக்கு வரும், குஞ்சு வளர்க்கும் பாடும் இல்லை.

குஞ்சு என்றதும் தெருவில் கூடையில் வரும் கலர் குஞ்சு நினைவுக்கு வரும். ரோஸும் பச்சையுமாகச் சாயம் முக்கி, பள்ளிக்கூட வாசலில் நோட்டுக்கு இரண்டு என்று விற்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். பிள்ளை அழுகிறதே என்று வாங்கி வந்து அட்டைப்பெட்டியில் வைப்பார்கள், இரண்டாம் நாள் விறைத்துக் கிடக்கும். சாவதற்குக் காரணம் பெரும்பாலும் குளிர். தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் குஞ்சுகளைப் பாருங்கள்: பல்புக்கடியில் மொய்த்தால் சூடு போதவில்லை, மூலைக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்தால் சரி. தெர்மாமீட்டரே வேண்டாம். இதைச் செய்ய நேரமில்லை என்றால் பிள்ளைக்குப் பலூன் வாங்கிக் கொடுங்கள்.

கூண்டு

பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து, மேலே கல்லைத் தூக்கி வைத்தால் போதும் என்ற காலம் வீட்டில் எப்போதும் பத்துப் பேர் இருந்த காலம். இப்போது கூண்டு உறுதியாக இருக்க வேண்டும். கோழிவலை என்று கடையில் கொடுக்கும் அறுகோணக் கம்பிவலையை நாய் பல்லால் இழுத்துப் பிய்த்துவிடும். அரையங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள், அதில்தான் பாம்பும் நுழையாது. பெருச்சாளி மண்ணைப் பறித்து அடியால் வரும் என்பதால் வலையைத் தரைக்குள்ளும் ஓர் அடி இறக்கிவிடுங்கள், அல்லது கூண்டைக் கால் வைத்துத் தூக்கிவிடுங்கள். கொக்கியை மரநாய் நெம்பித் திறக்கும். தாழ்ப்பாள்தான் சரி.

உள்ளே ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி தூங்கும் இடம், வெளியே உலாவப் பத்துச் சதுர அடியாவது. உட்கார ஒரு சட்டம் கட்டாயம் வேண்டும். கோழியின் மூதாதை காட்டுக்கோழி, அது மரத்தில் ஏறித் தூங்குகிற பறவை. நம் வீட்டுக் கோழியும் இருட்டியதும் முருங்கைக் கிளையைப் பார்ப்பது அதனால்தான். இரண்டங்குல அகலமுள்ள சட்டமாக இருந்தால் குந்தி உட்கார்ந்து நெஞ்சால் காலை மூடிக்கொள்ளும். காற்று மேல்பக்கமாகப் போய்வர வேண்டும், உட்காரும் உயரத்தில் நேராக அடிக்கக் கூடாது. தரையில் உமியோ தேங்காய் நார்க்கழிவோ மூன்றங்குலம் பரப்பி, தினம் கிளறிவிட்டு, ஈரமான இடத்தை அன்றே அள்ளிவிட்டால் நாற்றம் வராது. அக்கம்பக்கத்தில் சண்டை வருவது முக்கால்வாசி நாற்றத்தால்தான். மாநகராட்சி எல்லைக்குள்ளோ அடுக்குமாடியிலோ இருப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஊருக்கு ஊர் விதி வேறு.

மண்குளியலுக்கு ஓரமாக ஓர் இடம் விடுங்கள். பழைய டயரில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டினால் போதும். கோழி அதில் படுத்து, ஒரு காலால் மண்ணை வாரி முதுகில் போட்டு, கண்ணை மூடி, செத்ததுபோல் சாய்ந்து கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போய் எனக்குப் போன் செய்வது இதற்குத்தான். பயப்பட வேண்டாம், பேன் போக்கிக்கொள்கிறது.

தீனி

ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் தின்னும், கால் லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும், கோடையில் தண்ணீர் இரண்டு மடங்காகும். மேய இடம் இருந்தால் தீனி பாதியே போதும். வீட்டிலேயே கலப்பவர்கள் பாதிப் பங்கு உடைத்த கம்பு, சோளம், மக்காச்சோளம், குருணை. கால் பங்கு தவிடு. மீதிக்குப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் என்று வைத்துக்கொள்ளலாம். கருவாடு உப்புப் போடாததாக இருக்க வேண்டும், உப்பு மிஞ்சினால் கோழி செத்துப்போகும். கடலைப்புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் குப்பையில் போடுங்கள், காயவைத்துக் கொடுக்காதீர்கள். காய வைத்தால் பூசணம் போகும், அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் நஞ்சு போகாது, ஈரலைத் தின்றுவிடும்.

முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகம் வேண்டும். கிளிஞ்சலைப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானது தேவையான அளவு தானே எடுத்துக்கொள்ளும். முட்டை ஓட்டைப் போடுவதானால் காய வைத்து நன்றாக நொறுக்கிப் போடுங்கள். உருவம் தெரிய ஓட்டைப் போட்டால் சில கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும். கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுக்கக் கூடாது; அதில் உள்ள சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குஞ்சுக்கு நம் ஊர்ப் பாட்டிகள் கண்டுபிடித்த தீனி கறையான். ஓட்டைப் பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, கறையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்துத் தட்டினால் கறையான் கொட்டும், குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பொறுக்கும். காசில்லாத புரதம் இதைவிட வேறு கிடையாது. முருங்கைக் கீரை, அசோலா, சமையலறைக் காய்த்தோல் எல்லாம் போடலாம். ஊசிய சோறு, அவகாடோ, பச்சை பிடித்த உருளைக்கிழங்கு, வேகாத பீன்ஸ் கொட்டை வேண்டாம்.

உட்கார்ந்து பாருங்கள்

முக்காலியில் உட்கார்ந்தாயிற்று. எதைப் பார்ப்பது?

முதலில் வரிசை. கூண்டைத் திறந்ததும் எது முதலில் இறங்குகிறது, எது கடைசி என்று நாலு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு சட்டம் உண்டு. நார்வே நாட்டு தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்து எழுதிவைத்து, 1920களில் இதை ஆய்வாக வெளியிட்டார். உங்கள் வீட்டு மூன்று கோழியிலும் அந்தச் சட்டம் நடக்கும். கடைசிக் கோழிக்குத் தீனி போதவில்லை என்றால் இரண்டாவது தட்டை எட்டத்தில் வையுங்கள். எப்போதும் முதலில் இறங்கும் கோழி இன்று கடைசியில் வந்தால், அன்று சாயங்காலம் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது சத்தம். பருந்தோ வல்லூறோ வானத்தில் தெரிந்தால் சேவல் மெல்லிசாக, நீளமாக ஓர் ஒலி எழுப்பும். எல்லாம் செடிக்கடியில் பதுங்கும். பூனையோ நாயோ தரையில் வந்தால் விட்டு விட்டு உரக்கக் கத்தும். எல்லாம் கழுத்தை நீட்டி நிற்கும். இரண்டையும் காது பிரித்தறியப் பழகிவிட்டால் சமையலறையில் இருந்தபடியே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். சேவல் ஒரு புழுவைக் கண்டால் தான் தின்னாது. அலகால் எடுப்பதும் போடுவதுமாகக் குக் குக் என்று பெட்டைகளைக் கூப்பிடும். சில சேவல் ஒன்றுமே இல்லாத இடத்திலும் கூப்பிடும், பெட்டை நம்பி ஓடி வந்து ஏமாறும். இந்த நாடகத்தைப் பார்க்க ஆரம்பித்த வீட்டில் மாலை சீரியல் ஒன்று குறைந்துவிடும்.

மூன்றாவது எச்சம். இதைப் பார்க்கக் கூச்சப்பட்டால் கோழி வளர்க்க முடியாது. சாதாரண எச்சம் கொஞ்சம் கெட்டியாக, கரும்பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். நாளில் ஓரிரு முறை சாக்லேட் நிறத்தில், கூழாக, கடும் நாற்றத்தோடு போகும். அதுவும் சாதாரணம்தான், நோயில்லை. வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராகப் போனாலோ ரத்தம் கலந்திருந்தாலோ அந்தக் கோழியை உடனே தனியாக்குங்கள்.

வாரம் ஒருநாள், இருட்டிய பிறகு, சட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். பகலில் துரத்திப் பிடிப்பது இரண்டு பேருக்கும் கஷ்டம், இருட்டில் பேசாமல் வரும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும், கத்திபோல் கையில் குத்தினால் கோழி இளைத்திருக்கிறது. கழுத்தடியில் இரைப்பை மாலையில் நிரம்பியும் காலையில் காலியாகவும் இருக்க வேண்டும். காலையிலும் கல்போல் கெட்டியாக இருந்தால் நாரோ நூலோ அடைத்திருக்கலாம். கொண்டை வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ காரணமாக இருக்கலாம். வாலடியில் இறகை விலக்கிப் பாருங்கள், பேனும் அதன் முட்டையும் அங்கேதான் கொத்தாக இருக்கும்.

முட்டையும் அடையும்

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் ஓடு பிடிப்பதற்கு மட்டுமே சுமார் 20 மணி நேரம். அதனால்தான் இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கு இடுகிறது, தள்ளித் தள்ளிப் போய் ஒருநாள் இடாமல் விடுகிறது. முட்டை குறைந்துவிட்டது என்று சண்டை போட வேண்டியதில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது. இறகு உதிர்க்கும் காலத்தில் இரண்டு மூன்று மாதம் முட்டை நின்றுபோகும். பார்க்கப் பாவமாக, பாதி உரித்த கோழிபோல் திரியும். அப்போது புரதம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும்.

முட்டையிடும் நேரம் வந்தால் கோழி கேறிக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் நுழையும். இருட்டான ஓர் இடத்தில் மூங்கில் கூடையில் மணல் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி வையுங்கள். இல்லையென்றால் துணி அலமாரியில் இடும். வால் தாழ்ந்து, நடக்க முடியாமல், பென்குயின்போல் நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு மூழ்க இருபது நிமிடம் உட்கார வைத்து, இருட்டில் விடுங்கள். வராவிட்டால் மருத்துவர்தான். அழுத்திப் பிதுக்கினால் உள்ளே உடைந்து கோழி சாகும்.

பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் நாட்டுக்கோழி அடைக்கு உட்காரும். கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக் கொக்கரித்துக் கொத்த வரும். குஞ்சு வேண்டுமென்றால், ஏழு நாளுக்கு மேற்படாத முட்டையாகப் பத்து, கூர்முனை கீழிருக்கும்படி சேர்த்து வைத்திருந்தவை, ஒரே நாளில் வையுங்கள். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டால் இடிக்கு முட்டை கெடாது என்பது நம்பிக்கை. இரும்பு இடியைத் தடுக்கிறதோ இல்லையோ, போடுவதால் நஷ்டமில்லை. மாமியாரோடு இதற்காக வாதிட வேண்டாம். ஏழாம் நாள் இரவு முட்டையை டார்ச்சின் வாயில் வைத்துப் பார்த்தால், உயிருள்ளதில் சிலந்தி கால் நீட்டியதுபோல் சிவப்பு நரம்பு தெரியும். வெறும் வெளிச்சமாகத் தெரிவதை எடுத்துவிடலாம். கோழி நாளுக்கு ஒருமுறை எழுந்து தின்று, குடித்து, பெரிதாக எச்சமிட்டுத் திரும்பும். எழாத கோழியை நீங்கள் தூக்கி வெளியே விட வேண்டும், சில தாய்கள் பட்டினியிலேயே உருகிவிடும். 20ஆம் நாள் காதருகே வைத்தால் ஓட்டுக்குள் கீச்சொலி கேட்கும். 21ஆம் நாள் குஞ்சு. அன்று ஓட்டைப் பிய்த்து உதவி செய்யப் போகாதீர்கள்.

குஞ்சு வேண்டாம், ஆனால் கோழி அடையை விட்டு எழ மாட்டேன் என்கிறது என்றால், மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது போன்ற பழைய வைத்தியம் வேண்டாம். அது கொடுமை. அடியில் கம்பிவலை உள்ள கூண்டில் வைக்கோல் இல்லாமல், வெளிச்சத்தில், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வையுங்கள். வயிற்றடியில் காற்றுப் பட்டுச் சூடு இறங்கினால் அடை கலைந்துவிடும்.

சேவல்

"என்னக்கா, உங்க சேவல் மூணு மணிக்கே எழுப்பிவிடுதே?" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒருநாள் கேட்பார்கள். விடிந்தால்தான் கூவும் என்று பதில் சொல்லாதீர்கள், அது உண்மையில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் காட்டியபடி, வெளிச்சம் வருவதற்கு முன்பே கூவும் கடிகாரம் சேவலின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கூண்டை இருட்டாக்கினால் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. ஒட்டி ஒட்டி வீடு உள்ள தெருவில் சேவலே வேண்டாம். வைத்துக்கொண்டால் மாதம் நாலு முட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

நோய்

எல்லாவற்றுக்கும் முன்னால் வெள்ளைக்கழிச்சல். ஆங்கிலத்தில் நியூகாசில் நோய் என்பார்கள்; 1926ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர், நம் நாட்டில் ராணிகேத் நோய் என்று பெயர். பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், இறக்கை தொங்குதல். இரண்டு மூன்று நாளில் கூண்டே காலியாகும். மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும். தமிழ்நாட்டுக் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துவது வழக்கம். வெயில் ஏறும் முன் போட்டுவிடுவது நல்லது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். தடுப்பூசிக் குப்பி ஒன்று குறைந்தது நூறு கோழிக்கு. கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், ஐஸில் வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். மூன்று கோழிக்காக வாங்கி மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த மாதம் போட்டால் அது வெறும் தண்ணீர். பல கால்நடை மருந்தகங்களில் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் எல்லோருக்குமாகக் கரைத்துப் போடுகிறார்கள். அந்த நாளைக் கேட்டு, கோழியைக் கூடையில் எடுத்துப் போங்கள். போவதற்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். நோய்க் கோழிக்கு ஊசி போடக் கூடாது.

அம்மை கொசுவால் பரவும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மருவாகக் கிளம்பும். வேப்பிலை, மஞ்சள், துளசி, பூண்டு அரைத்துத் தடவுவதை மரபுவழிக் கால்நடை மருத்துவம் சொல்கிறது. புண்ணில் ஈ மொய்க்காமல் ஆற அது உதவும். கண் மூடிப்போன கோழிக்குத் தீனி தெரியாது, நீங்கள்தான் ஊட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். மழைக்காலத்தில் குஞ்சுகளுக்கு வரும் ரத்தக்கழிச்சல் ஈரமான உமியிலிருந்து வருகிறது; மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கும்.

இரவில் கோழி சட்டத்தில் உட்காராமல் நின்றபடி தவித்தால், டார்ச் அடித்துக் கூண்டின் இடுக்குகளைப் பாருங்கள். பகலில் விரிசலுக்குள் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும் உண்ணியும் கோழிச்செல் என்ற பொடிப் பூச்சியும் அங்கே இருக்கும். அடைக்கோழியிடம் செல் பெருகினால் வீட்டு மனிதர்களையும் கடிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். கோழிக்கு மருந்து போட்டால் மட்டும் போகாது. கூண்டைக் காலி செய்து, விரிசல் அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள்.

சந்தையில் புதிதாக வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று வாரம் எட்டத்தில் தனிக்கூண்டு. பிறகு ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பழகட்டும். அதன் பிறகுதான் சேர்ப்பது. மருந்து சாப்பிடும் கோழியின் முட்டையை எத்தனை நாள் தின்னக் கூடாது என்று மருத்துவரிடம் கேளுங்கள். காரணம் தெரியாமல் ஒரே நேரத்தில் பல கோழி செத்தால் அறுத்துக் குழம்பு வைக்க நினைக்காமல், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கட்டணமில்லா எண் 1962. கூண்டுக்குள் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவது, பிள்ளைகள் கோழிக்கு முத்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது இரண்டும் எப்போதும் வேண்டியவை.

கோழிக்கு வேர்வைச் சுரப்பி இல்லை. கத்திரி வெயிலில் வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இரைத்தால் அதுதான் அதன் விசிறி. மொட்டை மாடிக் கூண்டு அந்த மாதங்களில் அடுப்பாகிவிடும்; நிழல் இல்லாத மாடியில் கோழி வளர்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மண்சட்டியில் தண்ணீர் வைத்து மதியம் ஒருமுறை மாற்றுங்கள், ஈரச் சாக்கைக் கூண்டின் மேல் போடுங்கள், தீனியைக் காலை மாலையில் மட்டும் வையுங்கள். சுருண்டு விழுந்த கோழியின் காலையும் கொண்டையையும் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து நிழலில் வைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

முட்டை நின்ற பிறகு

நல்லபடியாக வைத்துக்கொண்டால் கோழி ஐந்திலிருந்து எட்டு வருடம் இருக்கும். முட்டை இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு குறைய ஆரம்பிக்கும். அப்போது வீட்டில் ஒரு கேள்வி வரும். ஊரிலிருந்து வரும் சித்தப்பா வாசலிலேயே கேட்டுவிடுவார், "எப்ப குழம்பு?" என்று. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கு அந்தக் கேள்வி இல்லை, அதன் நாள் முதலிலேயே குறித்தது. பிள்ளை பெயர் வைத்துக் கூப்பிட்டுக் கையில் தீனி வைத்து வளர்த்த பெட்டைக்குத்தான் சிக்கல்.

கோழி தின்பதில் தப்பென்று நான் சொல்ல வரவில்லை. வாங்கும் நாளிலேயே முடிவு செய்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள் என்பதே என் யோசனை. கறிக்கு என்றால் பெயர் வைக்காதீர்கள். பெயர் வைத்தால் அறுக்காதீர்கள். "கிராமத்தில் ஒருத்தரிடம் விட்டுவிட்டோம், சுதந்திரமாகத் திரியும்" என்று சொல்வது பிள்ளையை ஏமாற்றுவது. அந்தக் கிராமத்திலும் ஞாயிற்றுக்கிழமை வரும்.

முட்டை நின்ற கோழி சும்மா இருப்பதில்லை. புழு பொறுக்கும், களை கொத்தும், எரு தரும், குஞ்சுகளையும் புதுக் கோழிகளையும் மிரட்டிக் கூட்டத்தை ஒழுங்காக வைத்திருக்கும். அது தின்னும் நூறு கிராம் தீனி வருடத்துக்கு ஏறக்குறைய 36 கிலோ. அந்தச் செலவை ஐந்தாறு வருடம் முணுமுணுக்காமல் போட முடியாது என்று தோன்றினால், நாலு கோழி வாங்க நினைத்த இடத்தில் மூன்றே வாங்குங்கள்.